திருத்தணியில் ஒரு மொட்டை, கழிமுகத்தில் நானூறு கன்றுகள்

போன மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை தேசப்பனும் நானும் திருத்தணிக்குக் கிளம்பினோம். அவருக்கு ஒரு வேண்டுதல், எனக்கு அதன் பக்கத்து ஊரில் ஒரு மூட்டை நூல்நாடா வாங்க வேண்டும். தேசப்பன் எண்ணூர் கழிமுகத்துச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர். எண்ணெயும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கழிவும் படிந்து இறால் அருகிவிட்டது. அலையாத்தி மரங்கள் திரும்ப வந்தால்தான் பிழைப்பு என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு சேர்ந்து கன்று நட்டுவருகிறார். நானோ ஆபீஸ் நாற்காலியைத் தேய்ப்பவன். வாரம் ஒருநாள் சேற்றில் இறங்கினால் புண்ணியம் என்று நினைப்பு.

முதலில் நட்டதை அலை பிடுங்கிப் போனது. கன்றைக் கம்போடு சேர்த்துக் கட்டிய தேங்காய்நார்க் கயிறு மூன்றே மாதத்தில் இற்றுவிட்டது. அடுத்த தடவைக்கு மேதாவித்தனமாக யோசனை சொன்னது நான்தான். பொதட்டூர்பேட்டை லுங்கித் தறிகளில் துணியின் ஓரத்தை நாடாவாக வெட்டி ஒதுக்குவார்கள், பருத்தி, மெதுவாக மக்கும் என்றேன். ஆளனுப்பி வாங்கி நானூறு கன்றுகளைக் கட்டினோம். மழைக்காலம் தாண்டி நின்றால் மொட்டை போடுவதாகத் தேசப்பன் முருகனுக்கு வேண்டிக்கொண்டார். நின்றன. அடுத்த நடவுக்கும் அதே நாடாவை வாங்கலாம் என்றுதான் நானும் கூடக் கிளம்பினேன்.

சென்ட்ரலில் காலை 5.40க்கு மின்சார ரயில். மணவூர் வரை தூங்கலாம், அதற்குப் பிறகு கூட்டம் தூங்கவிடாது. எட்டு மணிக்குத் திருத்தணி. வெயில் ஏறுமுன் படியேறிவிடுங்கள், 365 படி, எனக்கு அரைமணி ஆனது. மொட்டைக்குக் கட்டணமில்லை. சந்தனம் பூசிய தலையோடு தேசப்பன் சாமி முன்னால் நெடுநேரம் நின்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

பதினொன்றேகாலுக்குப் பொதட்டூர்பேட்டை பஸ், முக்கால் மணிப் பயணம். முன்பு ஓரம் வாங்கிய அதே தறிக்காரரின் வீட்டைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னோம்.

"மரக்கன்னு கட்டவாங்க?" என்று சிரித்தார். "ஒரு ஜென்மத்துக்கும் அவுராது."

"பருத்திதானே?" என்றேன்.

"எங்க நைனா தறி ஓட்டிகினு இருந்தப்ப பருத்தி. இப்ப ஓரத்துக்கு பாலிஸ்டர்தாங்க. அறாம ஓடணும் இல்ல?"

தேசப்பனிடம் தீப்பெட்டி வாங்கி ஒரு நூலைக் கொளுத்திக் காட்டினார். சாம்பலாகவில்லை. சுருங்கி உருகி, கடுகு மாதிரி கறுப்பாகத் திரண்டது.

"போன தடவ குடுத்தது?" தேசப்பன் கேட்டார்.

"ஆங், இதேதாங்க."

நாங்கள் மூட்டை வாங்கவில்லை. ரயிலில் தேசப்பன் சொன்னார்: "ஒரு மாசமா கன்னு நுனி மஞ்சளா இருக்கு சார். வெயில்னு நினைச்சேன்."

மறுநாள் காலை ஆறரைக்கு, நீர் வற்றியிருந்த நேரத்தில், இருவரும் கத்தியோடு இறங்கினோம். கட்டு இருந்த இடத்தைக் கறுப்புச் சேறு மூடியிருந்ததால்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. வழித்துப் பார்த்தால், தண்டு பருத்து நூல் உள்ளே புதைந்திருந்தது. நூலை அறுத்ததும் அந்த இடத்திலேயே கன்று முறிந்து சாய்ந்தது. அடுத்ததும் அப்படியே. எண்ணெய்க்கும் சாம்பலுக்கும் தப்பியவற்றை நாங்களே கழுத்தை நெரித்திருக்கிறோம். மத்தியானம் வரை பார்த்ததில் முப்பத்தொன்றுதான் தேறும் போலிருந்தது. அறுத்த நூல்களைத் தேசப்பன் தலைத்துண்டை அவிழ்த்து அதில் சேர்த்துக்கொண்டார், ஒன்றைக்கூடக் கடலுக்கு விடவில்லை.

"முடி வளந்துரும் சார்," என்றார். இனி நடுவதற்கு அவர் வருவாரா என்று நான் கேட்கவில்லை.

உங்கள் ஊர்க் கழிமுகத்தில் கன்று நடப்போகிறீர்கள் என்றால், கட்டும் நூலை முதலில் கொளுத்திப் பாருங்கள். சாம்பலானால் வாங்குங்கள், உருகித் திரண்டால் விட்டுவிடுங்கள். கட்டியபின் மாதம் ஒருமுறை சேற்றை வழித்து முடிச்சைப் பாருங்கள். ஒரு தீக்குச்சி போதும். தேசப்பன் பீடி பிடிப்பவர். நாங்கள் நானூறு கன்றுகளையும் கட்டிய அன்று முழுக்க அவர் சட்டைப்பையில் தீப்பெட்டி இருந்தது.