எங்கள் வீட்டின் மேல் ஒரு கோடு

கரடியூர்ப் பக்கம் பாறை தோண்ட ஆள் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். எழுபதுகளின் கடைசி. என் மூத்தவள் அப்போது கைக்குழந்தை. ஒருநாள் காலையில் வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "மலையில ஊத்து எங்கெங்க இருக்குதுன்னு பாக்க வந்தேனுங்க" என்றார். ஊற்றைத் தேடி இவ்வளவு தூரம் ஏறி வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சரியாகப் படவில்லை.

தோளில் தொங்கிய தகரக் குழாயிலிருந்து ஒரு படத்தை உருவி, வாசலில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தார். துணியில் ஒட்டிய பழைய காகிதம். "நான் பொறந்த வருசம் அளந்ததுங்க" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தேன். புது ஆளிடம் எனக்குப் பேச்சு வராது. படம் முழுக்க நெளிநெளியாகப் பழுப்புக் கோடுகள். வந்தவர் என் வீட்டுக்காரரிடம் ஓரிடத்தைத் தொட்டு, "நாம இப்ப இங்க நிக்கறோமுங்க" என்றார். அந்த விரலுக்கு அடியில் ஒரு கோடு ஓடியது. காகிதத்தில் கோடு என்றால் எனக்குத் தெரிந்தது எஸ்டேட் வேலி ஒன்றுதான். இங்கே வேலி விழுந்தால் இந்தப் பக்கம் என் அடுப்பு, அந்தப் பக்கம் எங்கள் சாமைக்காடு.

"ஏனுங்க, அது என்ன கோடுன்னு கேளுங்க" என்றேன், வீட்டுக்காரரின் முதுகைப் பார்த்து.

"உயரத்தைக் காட்டற கோடுங்க. இது மேலயே நடந்தா ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல."

"அப்படி ஒரு வழி இருந்தா நான் எதுக்குங்க இப்படி மூச்சு வாங்கறேன்?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நம்ம ஊடு எங்கன்னு கேளுங்க."

வந்தவர் குனிந்து தேடினார். பக்கத்து ஊர் கொட்டச்சேடு இருந்தது. சேர்வராயன் கோயில் இருந்தது. "அப்ப உங்க ஊடு கட்டலைங்க போல. இதுல இல்லீங்க."

அந்தக் கோடு தந்த பயத்தை விட இது பெரிய பயமாகிவிட்டது. நாளைக்குப் பாறை தோண்ட ஜீப்பில் வருகிறவன் இதை விரித்து, இங்கே வீடே இல்லை என்றால்?

"போடச் சொல்லுங்க."

அவர் பென்சிலால் சின்னதாக ஒரு கட்டம் போட்டார்.

"பென்சில் வேண்டாமுங்க. அழிச்சுருவாங்க."

"உங்க சம்சாரம் நொம்ப வெவரமுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார். கறுப்பாக ஒரு கட்டம் விழுந்தது. உடனே படத்தைச் சுருட்டப் போனார்.

நான் கதவை விட்டு வெளியே வந்துவிட்டேன். "மை காயட்டுங்க" என்றேன், அவர் முகத்தைப் பார்த்தே.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு படத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அப்போதுதான் அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரரைக் கொண்டுவரச் சொன்னேன்.