மூன்றையும் கேட்டவள்

கருப்பையில் இரண்டு கரு வைத்தால் போதும் என்றுதான் வைத்தியர் சொன்னார். மூன்றையும் வைக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தவள் நான். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்பது, ஏற்கெனவே இரண்டு தடவை சிகிச்சை பலிக்கவில்லை. அதோடு அந்தப் பங்குனியில் போர் நடந்த வன்னியிலிருந்து ஒவ்வொரு நாளும் சாவுச் செய்தி வந்துகொண்டிருந்தது. நாங்கள் இங்கே வெளிநாட்டில் இருக்க, தம்பி அங்கே அகப்பட்டிருந்தான். அந்த நேரத்தில் ஓர் உயிரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றும் தங்கின. ஸ்கேன் எடுத்த அன்று என் கணவர் நகர நடுவில், டவுன்ரவுனில், போரை நிறுத்தச் சொல்லிக் கொடியோடு ஊர்வலத்தில் நின்றார். நான் நகரத்தின் ஓரத்திலிருக்கும் ரூஜிலிருந்து இரண்டு பஸ் மாறித் தனியாகப் போனேன். திரையில் மூன்று துடிப்பைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வைத்தியர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்தான், பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளை மாதிரி இருந்தார். அவருக்கு மூன்று என்பது வெற்றி இல்லையாம், சிக்கலாம். இரட்டையைக்கூட அவர் விரும்புவதில்லையாம்.

எனக்குக் கோபம் வந்தது. உங்கள் சுவர் முழுக்க இரட்டைப் பிள்ளைகளின் படம்தானே என்று கேட்டேன். உயிரோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிள்ளைகளின் படங்களைத்தான் தாய்மார் அனுப்புவார்கள் என்றார் அவர்.

மூன்றையும் சுமந்தால் மூன்றையுமே இழக்கலாம், பன்னிரண்டாம் கிழமையளவில், மூன்றாம் மாதத்தில், ஒன்றின் துடிப்பை ஊசியால் நிறுத்திக் குறைப்பதே நல்லது என்றார். அவர் வெளியே போனதும் தாதி என் கையைப் பிடித்தாள். முன்பு குறைமாதப் பிள்ளைகளின் வார்ட்டில் வேலை செய்தவள். மூன்றாகப் பிறந்து நன்றாக வளர்ந்தவர்களைத் தான் கண்டிருப்பதாகவும், தானென்றால் குறைக்கப்போவதில்லை என்றும் மெதுவாகச் சொன்னாள். ஆளுக்கொரு நியாயம் சொல்லிவிட்டு இருவரும் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன்.

மூன்று மாதம் போகும்வரை வயிற்றில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் யோசனை கேட்கவும் ஆளில்லை. கணவரிடம் கேட்டேன்.

"நீரே யோசிச்சு முடிவெடும். எனக்கு உது விளங்காது" என்றார்.

போர் முடிந்தது என்று வானொலி சொன்ன கிழமையே தம்பி இல்லை என்ற செய்தியும் வந்தது. அடுத்த கிழமை ஒன்றைக் குறைத்தார்கள். எதை என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஊசிக்கு எட்டிய இடத்தில் கிடந்தது எதுவோ, அது. துக்கம் விசாரிக்க வந்த சனம் நான் அழுததைப் பார்த்து, தம்பி மேல் எவ்வளவு பாசம் என்றது. அது பாதிதான் உண்மை.

மற்ற இரண்டும் பெண்ணாய்ப் பிறந்து இன்று என்னை விட உயரம். வைத்தியர் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டும் மனம் ஆறவில்லை.

அந்த வருஷம் ஆனியில் ஒரு மண்டபத்தில் போரில் செத்தவர்களுக்கு ஆளுக்கொரு விளக்கேற்றினார்கள். வாசலில் ஓர் இளம்பெண் பெட்டியில் சின்ன மண் சிட்டி விளக்குகளோடு நின்றாள்.

"உங்கட ஆக்கள் எத்தினை பேர், அன்ரி?"

"ரெண்டு" என்றேன்.

அவள் இரண்டு விளக்கை என் கையில் வைத்தாள். கூட வந்திருந்த என் கணவர் அதில் ஒன்றை எடுத்துப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார்.

"ஒராள்தான், பிள்ளை. இவ மாறிச் சொல்லிப்போட்டா."

அவர் குரலில் கோபமே இல்லை. நான் உண்மையாகவே பிழையாக எண்ணிவிட்டேன் என்றுதான் அவர் நினைத்தார்.