சங்கரலிங்கம் சொன்ன மலைவழி

மட்டாஞ்சேரியில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுப்பவர்கள் சங்கரலிங்கத்தை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் கிளம்புவார்கள். ஜூ டவுன் மிளகுக் கிட்டங்கியில் மூட்டை தைக்கும் அவருக்குத் தெரியாத வழி கிடையாது. செல்லானம் வரைக்கும் கடலோரம், மேடே இல்லை, யாரும் போகலாம். கும்பளங்கி வரப்புகளில் கொஞ்சம் கை பழகியிருக்க வேண்டும். நேரியமங்கலம் பாலம் தாண்டி அடிமாலிக்கு ஏறும் மலைரோடு மட்டும் வேறு சங்கதி. அதைக் கால் ஊன்றாமல் மிதித்து ஏறியவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

எழுபத்தெட்டில் பாலக்காட்டிலிருந்து பிச்சுமணி கிட்டங்கிக்குக் குமாஸ்தாவாக வந்தான். புது சைக்கிள், புதுப் பெண்டாட்டி. சாயங்காலமானால் நீலாம்பாளைக் கேரியரில் உட்காரவைத்துச் சுள்ளிக்கல் வரை ஒரு சுற்றுப் போவான். அவள் சிரிப்பு தெருமுனை வரை கேட்கும். சங்கரலிங்கத்துக்கு வயிறு எரியும். பதினாறு வருஷக் குடித்தனத்தில் பேச்சியம்மாளை அவர் ஒரு தடவைகூட சைக்கிளில் ஏற்றியதில்லை. பாரம் ஏறினால் ஓட்டம் கெட்டுப்போகும் என்பார்.

"அண்ணாச்சி, இவளைக் கூட்டிண்டு போக நல்ல வழியா ஒண்ணு சொல்லுங்கோ. ஏத்தம் வேண்டாம்" என்றான் பிச்சுமணி ஒருநாள்.

செல்லானம் என்று நாக்கு நுனி வரை வந்தது. "நேரியமங்கலம் போங்க சாரே. சைக்கிளை பஸ் மேல ஏத்திட்டுப் போய், அங்கேருந்து அடிமாலி ரோட்டைப் பிடிங்க. லேசான ஏத்தம்தான், கேட்டோ."

அந்த ஞாயிறு அவர் எங்கும் போகவில்லை. பாதி மலையில் இருவரும் சண்டை பிடிப்பதை நினைத்து நினைத்துச் சாயா குடித்தார்.

மறுநாள் இரண்டு பேரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நீலாம்பாள் கையில் ஒரு சீப்பு மலைவாழை.

"ஏத்தம்னா அப்படி ஒரு ஏத்தம் அண்ணாச்சி! மிதிக்கவே முடியலை. தள்ளிண்டு நடந்தோம். நடந்ததாலதான் அருவியெல்லாம் நின்னு பார்த்தோம். இவர் இத்தனை பேசுவார்னே எனக்குத் தெரியாது. இறங்கறச்சே ஒரே பறப்பு! அடுத்த வழி சொல்லுங்கோ."

"எனக்கு வேற வழி தெரியாது" என்று சங்கரலிங்கம் உள்ளே போய்விட்டார்.

அவர்கள் போனதும் பேச்சியம்மாள் கேட்டாள். "நீங்களும் அங்க போயிருக்கீங்கல்ல? அருவி இருக்குன்னு சொன்னதே இல்லியே?"

அவர் முன்சக்கரத்தைப் பார்த்தபடியே ஏறியவர். அருவிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கியதில்லை.

அடுத்த ஞாயிறு, "ஏறு" என்றார். பாசத்தில் சொல்லவில்லை, அந்தப் பயலுக்குக் குறைந்து போவதா என்ற வீம்பு. செல்லானம் ரோட்டில் பேச்சியம்மாள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்:

"நீலாம்பா ஒரு பக்கமாத்தான் உக்காருவாளா?"

"அவ பேச்சை எடுக்காதே!"

"சரி, எடுக்கல. மெதுவாப் போங்க. கடலைப் பார்க்கணும்."

மிதியைத் தளர்த்தினார். பின்னால் வந்த இரண்டு பையன்கள் மணியடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்கள். கால் பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போகவிட்டார்.

பிச்சுமணியைக் கண்டால் அதற்குப் பிறகும் அவர் முகம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் மறு ஞாயிறு கூப்பிடாமலேயே பேச்சியம்மாள் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவர் ஒரு சாக்கை நாலாக மடித்துக் கேரியரில் போட்டார்.