கெங்கம்மாளின் கை

ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஜெபக்கூடத்தில், ஞாயிறுதோறும் தேவராஜ் சாட்சி சொல்வார். குடித்துவிட்டு வந்து மனைவி கெங்கம்மாளின் கையை முறித்த கதைதான் சாட்சி. "தண்டனைக்குத் தகுதியான பாவி நான். ஆண்டவர் எனக்கு இரங்கினார்" என்று தழுதழுத்துவிட்டு, "கையத் தூக்கிக் காட்டு, கெங்கம்மா" என்பார். கோணலாக ஒட்டிய கையை அவள் தூக்குவாள். நாங்கள் அல்லேலூயா போடுவோம். நான் டோலக் வேறு தட்டுவேன். ஒரு பெண்ணின் முறிந்த எலும்பை ஆறு வருஷம் கடை பரப்பியிருக்கிறோம்.

எண்பத்தொன்பதில் பக்கத்துத் தெரு வேம்புலி சாராயத்தில் செத்தான். அந்த ஞாயிறு தேவராஜ் சொன்னார்: "அந்தக் குடிகாரனுக்கு நரகம்தான். இரக்கமே கிடையாது." பிறகு வழக்கமான சாட்சி. வழக்கம்போல, "கையத் தூக்கு."

கெங்கம்மாள் எழுந்தாள். கையைத் தூக்கவில்லை.

"வேம்புலி குடிச்சான். ஆனா பொண்டாட்டிய ஒரு நாளும் அடிச்சதில்ல. அவனுக்கு நரகம், உனக்கு மட்டும் இரக்கமா? இன்னாய்யா நாயம் இது? வாரா வாரம் ஆண்டவராண்ட மன்னிப்பு கேக்குற. ஒடைஞ்ச கை என்னுது. என்னாண்ட ஒரு தபாவாச்சும் கேட்டுக்கீறியா?"

தேவராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பாட்டை ஆரம்பிப்பா."

தூ, நான் ஆரம்பித்தேன்.