மீசைக்காகப் போட்ட மொட்டை

தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டில் ஒரு மில்லில் வேலை பார்த்தேன். எனக்குப் பந்தை நேராக உதைக்கத் தெரியாது. ஆனால் எங்கள் மில் கால்பந்து டீமை யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் எனக்குப் பொறுக்காது.

அந்த வருடம் அரையிறுதியில் ஒரே ஒரு கோலில் தோற்றோம். கோல்கீப்பருக்கு விரல் வீக்கம், தடுப்பாட்டக்காரர் இருவருக்கு முட்டியில் அடி. எல்லாவற்றுக்கும் மேலாக, கோல் அடிக்கிற பையன் ஆடவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பு கணுக்கால் பிசகிவிட்டது என்று மைதானத்தில் துடித்தவனை மொபெட்டில் ஏற்றி, கருமத்தம்பட்டிக்கு அந்தப் பக்கம் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப்போனதே நான்தான். அவர் முட்டையும் உளுந்துமாவும் அப்பிக் கட்டி முடிக்கும் வரை அவன் கால் என் மடியில்தான் இருந்தது. “வலிக்குதுங்கண்ணா” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டான். எனக்கே கண் கலங்கிவிட்டது.

தோற்ற மறுநாள் டீக்கடையில் எங்கள் ஷிப்ட் ஃபிட்டர் ஆரம்பித்தார். “அவனுக்கு அடியுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க. பாலக்காட்டுப் பக்கம் செவன்ஸ் ஆடறதுக்குக் காலைப் பத்திரமா வெச்சிருக்கறானுங்க.”

செவன்ஸ் என்றால் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுவது. வெளியூர் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து வேறு பெயரில் இறக்குவார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

“பாதி டீம் அடிபட்டுக் கெடக்குது. அப்படியும் ஒரு கோல்தானுங்களே! அவன் கால்ல அடி இல்லீன்னா என்ற மீசைய எடுத்துப்போடறனுங்க!”

கடையே கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலக்காடு தாண்டி ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனேன். வழியில் அறுத்த வயலில் ஆட்டம் நடந்தது. பந்தைக் கண்டால் என் கால் நகராது. மைக்கில் ஏதோ ஒரு பெயர் சொன்னார்கள். ஓட்டம் எனக்குத் தெரிந்த ஓட்டம். கோல் விழுந்ததும் என் கை தானாகத் தட்டியது. அப்புறம்தான் அது என் மடியில் கிடந்த கால் என்று உறைத்தது.

இடைவேளையில் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். ஓடித்தான் வந்தான்.

“அண்ணா, மில்லுல சொல்லிப்போடாதீங்க. வேலை போயிருமுங்க.”

“நீயில்லாமத்தான் தோத்தோம்.”

“ஒரு கோல்தானுங்களேண்ணா.”

ஒரு வாரமாக அவனுக்காக நான் ஊரெல்லாம் சொன்ன அதே வார்த்தை. அந்த இடத்திலேயே அறைந்திருக்க வேண்டும். பஸ் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை ஃபிட்டரே வந்தார். “நாந்தான் தப்பாப் பேசிப்போட்டனுங்க. கட்டோட நொண்டீட்டு வந்தானுங்க, பாவம். மனசுல வெச்சுக்காதீங்க.”

சொல்லியிருக்கலாம். அவன் வேலை போயிருக்கும். ஆனால் நான் சொன்ன சொல் என் முகத்தில் இருந்ததே! சாயங்காலம் சலூனில் உட்கார்ந்து மீசையை எடுக்கச் சொன்னேன். எடுத்தபின் கண்ணாடியைப் பார்த்தால், மீசை மட்டும் இல்லாத முகம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது.

“தலையையும் எடுத்துருங்க” என்றேன்.

மறுநாள் டீக்கடையில் ஃபிட்டர், “பழனிங்களா? என்ன வேண்டுதலுங்க?” என்றார்.

“நம்ம பையன் கால் சீக்கிரம் நல்லாகோணும்னுங்க.”

அவர் நெகிழ்ந்துபோனார். அந்நேரம் அவனும் கட்டுக் காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தான். என் தலையைப் பார்த்தான்.

“பழனிங்களாண்ணா?” என்றான். “பஞ்சாமிர்தம் எங்கீங்க?”