பாயான் லெப்பாஸில் நான் நிறுத்தச் சொன்ன இயந்திரம்

அந்தக் கூடத்தில் யார் கையிலும் மோதிரமோ கடிகாரமோ இல்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான். என் வளையல்களையும் வாசலிலேயே கழற்றச் சொன்னார்கள்.

சென்ற வியாழக்கிழமை, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸுக்கு ஒரு நாள் வேலை பார்த்துக் காட்டப் போயிருந்தேன். விமான எஞ்சின் பேரிங்குகளை அதிவேகமாகச் சுழலவிட்டு, எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் இடம் அது. நான் படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவள். இதற்கு முன் நான்கு இடங்களில் சான்றிதழ் இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். இங்கே, என் வேலை அவர்களுக்குப் பிடித்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

தாசேக் கெலுகோரில் காலை 5.50 ரயில். பட்டர்வொர்த்தில் 6.30 படகு, கட்டணம் இரண்டு வெள்ளி (ரிங்கிட்). ஜார்ஜ் டவுன் படகுத்துறையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். சில்லறையைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள், பேருந்தில் மீதி தரமாட்டார்கள். மூடிய காலணி கட்டாயம்.

சோதனையைக் கவனித்தவர் முகிலன் அண்ணன். பேரிங் கனத்த கதவுக்குப் பின்னால் சுழன்றது. அதன் எண்ணெய் ஒரு காந்தத்தைத் தாண்டி வரும். மணிக்கொரு முறை காந்தத்தை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்ப்பது என் வேலை. கறுப்புப் பொடி வந்தால் பரவாயில்லை. செதில் வந்தால் உலோகம் உரிகிறது என்று அர்த்தம். அதைத் தவறவிட்டால் பேரிங் நொறுங்கிவிடும், பழுது எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் போகும். காரணமில்லாமல் நிறுத்தினாலோ அதுவரை ஓடிய பதினொரு நாள் ஓட்டம் வீண்.

மூன்றாவது முறை, கடுகில் பாதி அளவுக்கு ஏதோ மினுங்கியது. துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அண்ணே… நிப்பாட்டணும்."

"ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையாதானே இருக்கு?"

"துணியில இல்லண்ணே."

அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

சூடு ஆறிப் பிரிக்க இரண்டு மணி நேரம். எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், பேரிங்கின் உள்வளையத்தில், செதில் உரிந்த இடத்தில், நகக்கீறல் போல ஒரு குழி.

"காலையிலருந்து வாயே திறக்கல, திறந்ததும் மெஷினையே நிப்பாட்டிட்டியே லா!" என்று சிரித்தார். "திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்திரு."

இதுபோன்ற இடத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சந்தேகம் வந்தால் குரல் நடுங்கினாலும் சொல்லிவிடுங்கள். எனக்கும் நடுங்கியது.

பதிவேட்டை என் பக்கம் தள்ளி, "கண்டுபிடிச்சவங்க பேரு போடணும்" என்றார் அண்ணன்.

என் முழுப்பெயரையும் எழுதினேன்.