கொலு ரயிலுக்குப் போட்ட தடித்த கம்பி

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கொலுவில் பொம்மை ரயில் ஓட்டுவது நான்தான். வருகிறவர்களிடம் எனக்குப் பேச வராது, ரயிலைக் காட்டுவேன். இந்த வருஷம் யார் வந்து உட்கார்ந்தாலும் ரயில் நின்றது. பார்த்தால், கொலுப்படித் துணிக்குள் மறைத்து வைத்திருந்த, ரயிலுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியில் ஃபியூஸ் போயிருக்கும்.

"என்ன மாமா, இன்னிக்கும் சிக்னல் விழலையா?" என்று எதிர்வீட்டு மாமி சிரித்தார். எரிச்சலில் ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சொருகினேன்.

சற்று நேரத்தில் புகை வந்தது. "ஐயோ, துணி கருகறது! பிளக்கைப் பிடுங்குங்கோ!" என்று மனைவி அலறினாள். பிடுங்கினேன்.

பிறகு தேடிப் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் வந்தவர்களுக்காகப் போட்ட ஃபேன் காற்றில், நான் தொங்கவிட்ட ஜிகினாச் சரம் இரண்டு தண்டவாளங்களிலும் விழுந்து ஷார்ட் ஆகியிருக்கிறது.

இப்போது காரணம் தெரியாமல் ஃபியூஸ் மாற்றுவதில்லை. பெட்டியையும் வெறுந்தரையில், கண்ணெதிரே வைத்திருக்கிறேன். "பார்க்க நன்னாவே இல்லை" என்கிறாள் மனைவி. இருக்கட்டும்.